பிங் போகிறது, ஃபைல் போகவில்லை

வீட்டிலேயே டி.டி.பி. வேலை பார்க்கிற பலரிடம் இன்னமும் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருக்கிறது. பழசின் மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக மலரும் அதிலுள்ள பேஜ்மேக்கரில்தான் குலையாமல் திறக்கும். பக்கத்து மேஜையில் பிள்ளையின் விண்டோஸ் 11 லேப்டாப். இரண்டும் ஒரே ரவுட்டரில்தான் இருக்கின்றன. லேப்டாப்பிலிருந்து பிங் அடித்தால் பழையது உடனே பதில் சொல்கிறது. அதன் ஃபோல்டரைத் திறக்கப் போனால் மட்டும், நெட்வொர்க் பாதையே காணோம் என்று 80070035-இல் முடியும் ஒரு பிழை எண் வந்து நிற்கிறது.

இருபது வருஷத்துக்கு முன்னாலும் இரண்டு கம்ப்யூட்டரைப் பேச வைக்கப் பாடுபட வேண்டியிருந்தது. அந்தப் பாடு கண்ணுக்குத் தெரிகிற பாடு. ஹப் வாங்கக் காசில்லாமல் இரண்டையும் நேரே இணைத்தால் சாதாரணக் கேபிள் உதவாது. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி கிரிம்ப் செய்த கிராஸ் கேபிள் வேண்டும். அதற்கும் முந்தைய கோஆக்சியல் கேபிள் காலத்தில் இரு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். நடுவில் ஒரு கனெக்டர் லூசானால் அந்த வரிசை முழுவதும் படுத்துவிடும். கோளாறு எங்கே என்று கையால் தடவியே கண்டுபிடித்தார்கள்.

கேபிள் சரியானதும் அடுத்த சோதனை, ஒன்று மற்றொன்றின் கண்ணில் படுவது. எக்ஸ்பி ஹோம் ‘எம்எஸ்ஹோம்’ என்ற ஒர்க்குரூப்பில் பிறக்கும், எக்ஸ்பி புரொபஷனல் ‘ஒர்க்குரூப்’ என்ற பெயரிலேயே பிறக்கும். அண்ணனும் தம்பியும் வேறு வேறு ரேஷன் கார்டில் இருப்பதுபோல ஒரே வீட்டில் இரண்டு கூட்டம். அதைச் சரிசெய்தாலும் உடனே தெரியாது. யாரெல்லாம் நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எது வைத்திருப்பது என்று அந்தக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தேர்தலே நடத்திக்கொண்டன. ஒவ்வொன்றும் தன் இருப்பைச் சுமார் 12 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அறிவிக்கும். அணைத்துவைத்த கம்ப்யூட்டர் அரைமணி நேரம் கழித்தும் பட்டியலில் இருக்கும், ஓடிக்கொண்டிருப்பது இருக்காது. “டீ குடிச்சிட்டு வந்து பாருங்க சார்” என்று சொன்ன மெக்கானிக் சோம்பேறி இல்லை. விஷயம் தெரிந்துதான் சொன்னார்.

ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் அதன்பின் தடையே கிடையாது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், ஷேர். படத்தின் அடியில் ஒரு கை முளைக்கும், வேலை முடிந்தது. எக்ஸ்பி ஹோமில் நெட்வொர்க் வழியாக வருகிற எவரும் ‘கெஸ்ட்’தான், பாஸ்வேர்டு கேட்பதில்லை. விண்டோஸ் 95, 98-இல் ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட முடிந்தது என்றாலும் அதன் லட்சணம் 2000 அக்டோபரில் வெளியே வந்தது. வருகிறவர் சொல்கிற நீளத்துக்கு மட்டும்தான் பாஸ்வேர்டைச் சரிபார்த்திருக்கிறது. ஓர் எழுத்து என்று சொல்லி முதல் எழுத்தைச் சரியாக ஊகித்தால் போதும், கதவு திறந்துவிடும். மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒட்டு போட்டது. வீடுகளில் எத்தனை பேர் அதைத் தேடிப்போய்ப் போட்டிருப்பார்கள்?

இந்தப் பகிர்வுக்கெல்லாம் அடியில் இருக்கும் எஸ்.எம்.பி. முறையை 1980-களில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கினார். ஒரே அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பிய காலம் அது. எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். இரண்டாவது விஸ்டாவோடுதான் வந்தது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற கம்ப்யூட்டர் புழு உலகத்தைச் சுற்றிவந்தபோது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. 2014-லேயே கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் கொடுத்தது. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பழைய எஸ்.எம்.பி. படிப்படியாக வெளியேறியது. லினக்ஸ் பக்கத்தில் இதே பகிர்வைச் செய்யும் சாம்பா மென்பொருளும் 2019-இல் அதை அணைத்துவைத்தது.

ஆக, பாதை காணாமல் போகவில்லை. பழையது பேசும் முறையில் பேசமாட்டேன் என்று புதியது முடிவெடுத்திருக்கிறது. முடிவு சரியானதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. அதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் பாதை இல்லை என்று சாதிக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை. அன்று கேபிளைக் குறை சொன்னபோது பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு இருந்தது. இன்று அந்தச் செய்தியை நம்பி ரவுட்டரை அணைத்துப் போட்டு, கேபிளை மாற்றி, ஃபயர்வாலைத் திறந்துவிட்டு எத்தனையோ சனிக்கிழமைகள் வீணாகின்றன.

விண்டோஸ் 7-க்கும் 11-க்கும் நடுவில் இந்தத் தகராறு இல்லை; இரண்டுக்கும் பொதுவான பதிப்பு உண்டு. அங்கே முட்டுக்கட்டை பாஸ்வேர்டு. லேப்டாப்பைத் தினமும் நாலு இலக்கப் பின்னில் திறந்து பழகியவர் பழைய கம்ப்யூட்டர் கேட்கும்போதும் அதையே அடிப்பார். பின் நம்பர் அந்த லேப்டாப்புக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கானாலும் உள்ளே விடாது. புதியதில் ஷேரிங்குக்கென்று தனியாக ஒரு லோக்கல் கணக்கு திறந்து, பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டரை அந்தப் பெயருக்கு ஷேர் செய்யுங்கள். வைஃபை ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பட்டியலில் தெரியவில்லையா, கவலை வேண்டாம். \\192.168.1.5 என்பதுபோல முகவரியை நேரே அடித்தால் போதும். இதையெல்லாம் எளிதாக்க 2009-இல் வந்த ‘ஹோம்குரூப்’ 2018-இல் விண்டோஸ் 10-இலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் விண்டோஸ் 11 புரொபஷனல் கெஸ்டையும் ஒதுக்கிவிட்டதால், ரவுட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க்கில் பாஸ்வேர்டில்லாமல் படம் பார்த்த வீடுகளிலும் கூச்சல்.

எக்ஸ்பிக்கு வருவோம். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் எஸ்.எம்.பி. 1.0-க்கு டிக் போட்டால் பழைய ஃபோல்டர் திறந்துகொள்ளும், உண்மைதான். கூடவே தானாக நீக்கும் பெட்டியிலும் டிக் இருந்தால், 15 நாள் பயன்படுத்தாதபோது அது தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். போன மாதம் போன ஃபைல் இந்த மாதம் ஏன் போகவில்லை என்று அப்டேட்டைத் திட்டுகிறவர்கள் இதைப் பார்க்கலாம். நான் அந்த டிக்கைப் போடச் சொல்லமாட்டேன். வங்கிக் கணக்கு பார்க்கிற லேப்டாப்பில் அந்தப் பழைய வாசலைத் திறக்கிற அளவுக்குக் கல்யாணப் பத்திரிகை ஃபைல் பெரிதல்ல. எக்ஸ்பியின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு பென்டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் செருகும் முன் அதைப் புதிய லேப்டாப்பில் ‘ஃபேட் 32’ முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். 32 ஜிபி அளவே போதும். அதைவிடப் பெரிய பென்டிரைவ்கள் பெரும்பாலும் ‘எக்ஸ்ஃபேட்’டில் வருகின்றன, தனித் திருத்தம் போடாத எக்ஸ்பிக்கு அதைப் படிக்கத் தெரியாது.