மாத்தளை இளவரசனின் தாய்: தோனா கத்தரினா

இங்கிலாந்தைத் தியூடர் வமிசத்து முதலாம் எலிசபெத் (1558–1603) ஆண்டுவந்த காலத்திலேயே, கண்டி இராச்சியத்தின் உரிமையும் ஒரு பெண்ணைச் சார்ந்தது. கரலியத்தே பண்டாரனின் மகள் குசுமாசனதேவியே அவள். சீதாவாக்கை இராசசிங்கன் கண்டியைக் கைப்பற்றியபோது தந்தையுடன் தப்பிய அக்குழந்தை, பெற்றோரை இழந்து, மன்னாரிற் போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் 'தோனா கத்தரினா' என்னும் பெயருடன் கத்தோலிக்கப் பெண்ணாக வளர்ந்தாள்.

1594இல் பேரோ லோப்பஸ் த சூசா அவளை அரசியாக்கும் நோக்குடன் கண்டிக்குப் படைநடத்தினான். தந்துறையில் அப்படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்து தன் உரிமைக்கு வலுச் சேர்த்தான். 1604இல் அவன் இறந்தபின், அவன் உறவினனான செனரத்தும் அவளை மணந்தே ஆட்சியை நிலைநிறுத்தினான்.

ஈண்டு நாம் நோக்கவேண்டியது யாது? நிலமானிய சமுதாயத்தில் உரிமை பெண்வழி வந்தபோதும் அதிகாரம் ஆடவர் கையிலேயே தங்கிற்று. எலிசபெத் மணத்தைத் தவிர்த்துத் தன் அதிகாரத்தைக் காத்தாள். கத்தரினாவுக்கோ அத்தகைய தெரிவு வாய்க்கவில்லை.

அவள் 1613இல் இறந்தாள். பின்னர் செனரத் இராச்சியத்தைப் பங்கிட்டபோது மாத்தளை அவள் மகன் விசயபாலனுக்குக் கிடைத்தது. தம்பி இரண்டாம் இராசசிங்கனிடம் தோற்ற அவன், போர்த்துக்கேயரை நாடிச் சென்று கோவாவில் மாண்டான். தாய் பிள்ளைப்பருவத்திற் கண்ட அடைக்கலமே மகனுக்கும் இறுதிப் புகலாயிற்று.

அரசர் வரிசையையே வரலாறெனக் கொள்வோர்க்கு இவள் இரு மன்னரின் மனைவி மட்டுமே. அவ்விருவரின் உரிமைக்கும் அரண் செய்தவள் அவளே என்பதை நாம் மறத்தலாகாது.