கலை யாருக்காக? அகிலன் தந்த விடையும் பால்மரக் காடும்

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. எழுத்தாளர்கள் இரு கட்சியாய் நின்று நெடுநாள் வாதிட்ட வினா அது. தற்கால நாவலாசிரியருள் இதற்குத் தயங்காமல் விடை கூறியவர் அகிலன். கலை வாழ்க்கைக்காகவே என்பது அவர் கட்சி. ஆயினும் எழுத்தாளர் ஒருவரின் கொள்கையை அவர் மேடையில் பேசியதைக் கொண்டு அளப்பதைவிட, எழுதிய கதைகளைக் கொண்டு அளப்பதே முறையாகும்.

அகிலன் 1922-இல் புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில் பிறந்தார். இளமையிலேயே காந்தியடிகளின் இயக்கத்தால் ஈர்க்கப்பட்டார். ரயில்வே தபால் பகுதியில் பணியாற்றினார். பின்னர் வானொலியில் சேர்ந்தார். ஓடும் ரயிலில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அடுக்கியவர் அவர். அதனால்தானோ என்னவோ, தம் எழுத்தையும் முகவரி தெரிந்தே எழுதினார். பத்திரிகை வாங்கிப் படிக்கும் குடும்பத்தாரே அவருடைய முகவரி. அவர்களுக்கு விளங்காத எழுத்தை அவர் விரும்பவில்லை.

கலையைப் பற்றிய அவருடைய கருத்தைத் தெளிவாகக் காணத்தக்க நூல் ‘சித்திரப்பாவை’. அண்ணாமலை ஓவியன், அழகையே வாழ்வாகக் கொண்டவன். மாணிக்கமோ எதையும் பணத்தால் அளப்பவன். இவ்விருவருக்கும் இடையே நிற்பவள் ஆனந்தி. அண்ணாமலையிடம் அன்பு கொண்டிருந்தும், மாணிக்கம் வலிந்து இட்ட ஒரு முத்தத்தால் தான் அவனுக்கே உரியவளாகிவிட்டதாக எண்ணி அவனை மணக்கிறாள். இன்றைய மாணவிகள் இவ்விடத்தில் சினம் கொள்கிறார்கள், கொள்வது சரியே. ஆனால் அகிலன் அவளை அங்கேயே விட்டுவிடவில்லை. இறுதியில் அவள் அந்த மணவாழ்க்கையை உதறி வெளியேறுகிறாள். பண்பாடு என்று நாம் போற்றுவதில் எது உயிருள்ளது, எது வெறும் அச்சம் என்பதை ஆசிரியர் அவளைக் கொண்டே ஆராய்கிறார். மாணிக்கத்தின் கையில் கலையும் பெண்ணும் ஒன்றுபோலவே சரக்காகிவிடுகின்றன. நூலின் உயிர்நிலை இதுவே என்பது என் எண்ணம்.

இந்நாவலுக்கு 1975-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு கிடைத்தது. தமிழுக்கு அப்பரிசு வந்தது அதுவே முதல் முறை. எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. சுந்தர ராமசாமி கடுமையாக எதிர்த்து எழுதினார். அகிலனின் பாத்திரங்கள் மனிதராக அன்றிக் கொள்கைகளின் உருவாக நடமாடுகின்றனர் என்னும் குறை இன்றும் கூறப்படுகிறது. அக்குறையை முற்றிலும் மறுக்க நம்மால் இயலாது. கலை வாழ்க்கைக்குப் பயன்படவேண்டும் என்பவர், பயனை முன்னதாகவே முடிவு செய்துகொண்டு கதையை அதன் பின்னே இழுத்துச் செல்லும் இடரும் உண்டன்றோ?

அவருடைய கொள்கைக்குக் கடுஞ்சோதனையாக அமைந்தது நம் நாட்டைப் பற்றிய நாவலே. முன்னர் ‘வேங்கையின் மைந்தன்’ எழுதி 1963-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர் அவர். அது கடாரம் வரை கடற்படை அனுப்பிய இராசேந்திரனின் காலத்துக் கதை. அவ்வாசிரியரே பின்னர் மலேசியாவுக்கு வந்து தோட்டங்களைக் கண்டார். ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். படையோடு வந்த மன்னரின் புகழை எழுதிய கை, கங்காணியின் பின்னே கப்பலேறி வந்தவரின் மக்களைப் பற்றியும் எழுதியது. தமிழ்நாட்டின் பெருந்திரளான வாசகர் பலர் பால்வெட்டுத் தொழிலாளியின் இல்லத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது அந்நூலின் வழியாகத்தான் இருக்கும். கலை பயன்படவேண்டும் என்றவர் தம் சொல்லைக் காப்பாற்றினார்.

எனினும் வந்து பார்ப்பவரின் கண் வேறு, அங்கேயே கிடந்து உழல்பவரின் கண் வேறு. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவருக்குச் சில சொற்கள் போதும். இருள் பிரியுமுன் பெரட்டு; பெயர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்கு நடை; பால் வழிய மரத்தில் மங்கு; மழை பெய்தால் வெட்டும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. விருந்தினர் இவற்றைக் கேட்டு எழுதலாம். மழை மேகத்தைக் கண்டதும் தாயின் முகம் மாறுவதை உடனிருந்தவரே எழுத முடியும். இவ்வேறுபாட்டை அறிய, சிலாங்கூரையே களமாகக் கொண்ட ‘லங்காட் நதிக்கரை’யை அருகில் வைத்துப் படிக்கவேண்டும். அதன் ஆசிரியர் அ. ரெங்கசாமி இம்மண்ணின் எழுத்தாளர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2014-இல் வல்லினம் விருது பெற்றவர். அவரும் கலையை வாழ்க்கைக்காகவே கொண்டவர்தாம். ஆனால் அகிலன் நம் வாழ்க்கையைப் பிறர்க்கு எடுத்துரைக்கிறார். ரெங்கசாமி அதை நமக்கே நினைவூட்டுகிறார்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அகிலன் 1988-இல் மறைந்தார். அவர் பார்த்த காடும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட நிலங்கள் சூழ்ந்திருந்த புஞ்சாக் ஆலாமில் இன்று அடுக்கடுக்காய் வீடமைப்புப் பகுதிகள். பல்கலைக்கழக வளாகம் ஒன்றும் எழுந்துள்ளது. பத்தாங் பெர்சுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிற்று. ஆகவே தமிழ்நாட்டு வாசகருக்கு அயல்நாட்டுக் கதையாக எழுதப்பட்ட ‘பால்மரக் காட்டினிலே’, இப்போது இங்குள்ள நம் பிள்ளைகளுக்கே அயல்நாட்டுக் கதைபோல் ஆகிவிட்டது. வகுப்பில் நிரை என்றால் என்ன என்று கேட்டால், கணக்குப் பாடத்து நிரையைச் சொல்கிறார்கள். அந்நாவலைப் பாடமாகவோ துணைநூலாகவோ எடுக்கும் ஆசிரியர், மாணவர்களை ஒரு தாளுடன் பாட்டியிடம் அனுப்பிப் பார்க்கலாம். நூலில் ஆசிரியர் எங்கே சரியாகக் கண்டார், எங்கே தவறவிட்டார் என்று பாட்டி சொல்லச் சொல்ல எழுதிவரட்டும். மங்கைத் துடைத்த கை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.