கால் ஊன்றாமல் ஓர் எட்டு

ஆர்.டி.ஓ. மைதானத்தில் டூவீலர் தேர்வு என்றால் எட்டுதான். கால் தரையில் படாமல் போட்டு முடிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டரின் கண் காலிலேயே இருக்கும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் தேர்வு. இருந்தும் பலர் முந்தின நாள் மாலையில்தான் எட்டைப் பழகவே தொடங்குகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் ‘கோட்டைப் பிடித்துப் போங்கள்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கை என்ன செய்ய வேண்டும் என்பதை யார் சொல்வது?

வேகம் இருந்தால் வண்டி தானே நிமிர்ந்து ஓடும். மெதுவாக உருளும்போது நாம்தான் நிமிர்த்த வேண்டும். சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் துளி திருப்பினால் சக்கரம் பாரத்துக்கு அடியில் வந்துவிடும். தோளும் முழங்கையும் விறைத்திருந்தால் இந்தச் சின்னத் திருத்தம் நடக்காது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு கைகளைத் தளர விடுங்கள்.

கியர் வண்டிக்கு உயிர்நாடி கிளட்ச். முதல் கியரில் அதை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே அடங்கும், வண்டி நகரப் பார்க்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். விரல்கள் அந்த இடத்திலேயே நிற்கட்டும். ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்தினால் நடை வேகத்தில் வண்டி சொன்னபடி கேட்கும். வளைவில் பதறி கிளட்சை முழுக்க அமுக்கினால் இழுவை போய், கால் கீழே இறங்கிவிடும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. வண்டி அப்படியே உள்பக்கம் சரியும்.

பார்வை முன் சக்கரத்தில் இருந்தால் வண்டி தள்ளாடும். தலையை நன்றாகத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்துவைத்து இடது கை பிரேக்கால் அடக்க வேண்டும். சி.பி.எஸ். உள்ள ஸ்கூட்டரில் அந்த பிரேக் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதால், அழுத்தம் இன்னும் மென்மையாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஊர்ந்து வருபவருக்குத் தினமும் தேவைப்படுவது இந்தப் பழக்கம்தான். எட்டை வெறும் சடங்கு என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

பழகும்போது நேர்கோட்டில் ஊர்வதில் தொடங்குங்கள். அடுத்து பெரிய வட்டம். பலருக்கு இடது வட்டம் சீக்கிரம் வந்துவிடும், வலதுதான் தகராறு செய்யும். ஆக்சிலரேட்டர் பிடித்த கையே உள்பக்கம் மடங்க வேண்டியிருக்கிறது அல்லவா? வலது வட்டத்துக்கு இரண்டு பங்கு நேரம் கொடுங்கள்.