கப்பல் விளையாட்டில் பணம் போனதா? முதலில் 1930

முத்தியால்பேட்டை, லாசுப்பேட்டை, நெல்லித்தோப்பு என்று புதுச்சேரியின் எந்தப் பகுதியை எடுத்தாலும், இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலேறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் சுக்கான் பிடிக்கிறான், ஒருவன் பாய் இறக்குகிறான், இன்னொருவன் பீரங்கியில் குண்டு போடுகிறான். 2018-இல் வந்த ‘சீ ஆஃப் தீவ்ஸ்’, 2024-இல் வந்த ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ போன்ற கடற்கொள்ளை விளையாட்டுகளில் முன்பின் தெரியாத பலர் ஒரே கடலில் மோதுகிறார்கள். 1759 செப்டம்பரில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதிய கடலுக்கு எதிரே வாழும் பிள்ளைகளுக்குக் கப்பல் சண்டை பிடித்திருப்பதில் வியப்பில்லை. விளையாடட்டும்.

என் கவலை வேறு. இந்த விளையாட்டுகளைச் சுற்றிப் பணம் பறிபோகும்போது, நம் வீடுகளில் திரும்பத் திரும்ப ஒரே தவறுகள் நடக்கின்றன. பயந்துபோன பிள்ளை இரண்டு நாள் வாய் திறப்பதில்லை. வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்து விஷயம் தெரிந்ததும் அப்பா அடிக்கிறார். கோபத்தில் விளையாட்டை நீக்கி, அரட்டையையும் அழித்துவிடுகிறார். சாட்சியம் அங்கேயே போய்விடுகிறது. பிறகு வங்கிக்கு ஓடினால் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால், ‘விளையாட்டுல போன காசுக்கெல்லாம் கேஸா?’ என்ற கேள்வி. இந்த அலைச்சலில் ஒரு வாரம் ஓடிவிடும். பணம் அதற்குள் பல கணக்குகள் மாறியிருக்கும்.

எது விளையாட்டு, எது குற்றம்?

எதிரிக் கப்பல் உங்கள் பிள்ளையின் கப்பலை மூழ்கடித்துப் புதையலை அள்ளிக்கொண்டு போனால், அது விளையாட்டின் விதி. அதற்குப் புகார் கிடையாது. ஆனால் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடுவதும், பாதி விலைக்கு விளையாட்டு நாணயம் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பதும் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கும், 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கும் உரியவை. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் குற்றமும் சேரும். பறிபோனது விளையாட்டுக் கணக்காக இருந்தாலும் குற்றம் குற்றமே.

மோசடி வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ‘ப்ரோ, கடையில வாங்காத. என்கிட்ட பாதி விலை. க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணு’ என்று டிஸ்கார்டிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். பணம் போனதும், ‘கணக்கைச் சரிபார்க்கணும்’ என்று ஒரு இணைப்பு வரும். அசல் நுழைவுப் பக்கம் போலவே இருக்கும் அந்தப் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைப் போட்டால் பணத்தோடு கணக்கும் போய்விடும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. இதைப் பிள்ளைக்கு ஒரு முறை சொன்னால் போதாது, பலமுறை சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ‘ஆன்லைன் விளையாட்டையே தடை செய்துவிட்டார்களே, புகார் கொடுத்தால் நம் பிள்ளை மாட்டிக்கொள்வானே’ என்று பலர் ஒதுங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது, பணம் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை. அதிலும் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான், ஆடுபவருக்கு இல்லை. விலை கொடுத்து வாங்கிப் பொழுதுபோக்காக ஆடும் கப்பல் விளையாட்டு இந்தத் தடைக்குள் வராது. தமிழ்நாட்டின் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான கட்டுப்பாடும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கானது. அது தமிழ்நாட்டு விதி, புதுச்சேரிக்குப் பொருந்தாது. எனவே பயப்படாமல் புகார் கொடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

பணம் போனது தெரிந்த நொடியில் 1930-ஐ அழையுங்கள். இது நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வங்கிகளுக்குத் தகவல் அனுப்புவது இதன் வேலை. மோசடிக்காரன் எடுப்பதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் முடக்க ஏதாவது மிஞ்சும். ஆகவே திட்டுவதையும் விசாரணையையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பணம் போன வங்கி அல்லது செயலியின் பெயர், கணக்கு எண், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, தேதி, நேரம், பணம் சென்ற யுபிஐ முகவரி. அழைப்பு முடிந்ததும் ஒப்புகை எண் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் அன்றைக்கே முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். அதன் முகவரி ‘சைபர்கிரைம்’ என்று தொடங்கி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். வேறு எதில் முடிந்தாலும் அது போலி.

எதையும் அழிக்காதீர்கள். விளையாட்டை நீக்காதீர்கள், அரட்டையை நீக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். மோசடிக்காரனின் பயனர் பெயர், அடையாள எண், அனுப்பிய இணைப்பு, க்யூஆர் படம் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். மூலக் கருவி உங்களிடம் இருந்தால் அந்த வேலை எளிது. மறுபடியும் சொல்கிறேன்: எதையும் அழிக்காதீர்கள்.

மனு எழுதும் முறை

1930-இன் ஒப்புகை எண் எஃப்ஐஆர் ஆகாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கு பதிவாகிவிட்டதாக நம்பிப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எழுத்து மனு தனியாகக் கொடுக்க வேண்டும்.

பெறுநர்: காவல் ஆய்வாளர், சைபர் குற்றக் காவல் நிலையம், புதுச்சேரி. பொருள்: ‘விளையாட்டு நாணயம் தருவதாக ஏமாற்றிப் பணம் பறித்தது குறித்து’. ‘கேமில் காசு போச்சு’ என்று எழுதாதீர்கள். அந்த வரியைப் படித்தாலே மனு ஓரம் போய்விடும். உள்ளே யார், என்று, எந்தச் செயலி வழியாக, என்ன சொல்லி, எவ்வளவு வாங்கினார் என்பதை நடந்த வரிசையில் எழுதுங்கள். பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் பெற்றோர் பெயரில் மனு கொடுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, ஸ்கிரீன்ஷாட்டுகள், 1930 ஒப்புகை, அடையாள அட்டை நகல் ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கறோம்’ என்று சொல்வதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. வீடு அங்கே, வங்கி இங்கே என்றால் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று பந்தாடுவார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வழக்குப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை, நம் வேலை அல்ல. எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவைக் குறிப்பிட்டு, காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையா? சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. முடக்கப்பட்ட பணத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டால் அப்போதும் இவர்கள் உதவி கைகொடுக்கும்.

வங்கியிடம் கேட்க வேண்டியது

1930-க்குச் சொல்லிவிட்டோம் என்று வங்கியை விட்டுவிடாதீர்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு யாரோ உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுக்கு இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் தருமுன் போன பணம் உங்கள் தலையில். புகாருக்குப் பின் போனால் வங்கியின் பொறுப்பு. தாமதம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விதி இல்லை. 30 நாளில் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448.

பிள்ளையே வாங்கியிருந்தால்

அம்மாவின் போனில் சேமித்து வைத்த அட்டையில் பிள்ளை தானே கப்பல் அலங்காரங்கள் வாங்கியிருந்தால், அது திருட்டு வழக்கு அல்ல. காவல் நிலையத்துக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். விற்ற கடையிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பலாம். வாங்கியவர் 18 வயது நிரம்பாதவர் என்பதைக் குறிப்பிடுங்கள். அந்த வயதினர் செய்யும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து

கப்பலில் கூட இருக்கும் ‘அண்ணா’ யார் என்று நமக்குத் தெரியாது. குரல் அரட்டையில் நட்பாகப் பேசி, தனி அரட்டைக்கு இழுத்து, படம் கேட்டு, பிறகு மிரட்டுவது நடக்கிறது. இது போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். படம் அனுப்பிய பிள்ளை குற்றவாளி அல்ல. அந்தப் பிள்ளையைத் திட்டினால் அடுத்த மிரட்டலை நம்மிடம் சொல்லாது. மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் மேலும் கேட்பான். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. பிள்ளை மனம் உடைந்திருந்தால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரத்திலும் பேசலாம்.

இதெல்லாம் நேராமலிருக்க இன்றைக்கே செய்ய வேண்டியவை சில. போனில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து தேவையில்லாததை ரத்து செய்யுங்கள். விளையாட்டுக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். சின்னப் பிள்ளை என்றால் குரல் அரட்டையை அணையுங்கள்; ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ விளையாட்டில் அந்நியர் கப்பல்களே வராத ‘சேஃபர் சீஸ்’ முறை 2023 டிசம்பர் முதல் இருக்கிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புகார் கொடுத்த சில நாளில், ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று அழைப்பு வரலாம். அது இரண்டாவது மோசடி. 1930-க்கோ புகார் தளத்துக்கோ கட்டணமே கிடையாது. பணம் போனால் பிள்ளையை அடிக்காதீர்கள், அரட்டையை அழிக்காதீர்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 1930-ஐ இப்போதே வீட்டிலுள்ள எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள், பிள்ளையின் போனிலும் சேர்த்து.