சர்வர் வாங்குமுன் ஓர் உரிமக் கணக்கு

தொழிற்கடன் விண்ணப்பங்களோடு இணைக்கப்படும் விலைப்புள்ளிகளைப் பார்க்கும்போது நாம் ஒன்றை அடிக்கடி கவனிக்கிறோம். சர்வரின் விலை, யு.பி.எஸ்., கேபிள், பொருத்தும் கூலி ஆகியவை வரிசையாக இடம்பெற்றிருக்கும். மென்பொருள் உரிமத்துக்கோ ஒரே ஒரு வரி. சிலவற்றில் அதுவும் இராது. கடன் ஒப்பளிக்கப்பட்டு, சர்வரும் வந்து இறங்கிய பிறகுதான் விடுபட்ட தொகை தெரியவரும். சரக்குக்கும் சம்பளத்துக்கும் வைத்திருந்த நடைமுறை மூலதனமே அதற்குச் செலவாகும். வாங்கும் முன்பே கணக்கிட்டால் இந்த நெருக்கடியைத் தவிர்க்கலாம்.

25 பணியாளர்கள் கொண்ட ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பில் இயங்கும் சர்வர் ஒன்றை அது வாங்க விரும்புகிறது.

கோர்களின் எண்ணிக்கை

2016 பதிப்பு முதல் விண்டோஸ் சர்வர் உரிமம் பிராசசரில் உள்ள கோர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு பிராசசருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் பெற வேண்டும். நமது எடுத்துக்காட்டு நிறுவனத்துக்கு 12 கோர்கள் கொண்ட இரண்டு பிராசசர்கள் உள்ள சர்வர் பரிந்துரைக்கப்பட்டால், 24 கோர்களுக்கு உரிமம் தேவை. 16 கோர்கள் கொண்ட சர்வரே அதன் வேலைக்குப் போதுமெனில், 8 கோர்களுக்கான உரிமச் செலவு மிச்சம். வன்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே மென்பொருளின் செலவும் முடிவாகிவிடுகிறது.

ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்குவது இன்று வழக்கம். எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை பெற்ற ஸ்டாண்டர்ட் உரிமம், விண்டோஸ் சர்வர் இயங்கும் இரண்டு மெய்நிகர் கணினிகளுக்குச் செல்லும். மூன்றாவது, நான்காவது தேவைப்பட்டால் 24 கோர்களுக்கும் மீண்டும் ஒருமுறை உரிமம் பெற வேண்டும். மொத்தம் 48 ஆகிவிடும்.

அணுகுவோரின் எண்ணிக்கை

சர்வருக்கான உரிமம் வேறு. அதனை அணுகுவோருக்கான உரிமம் வேறு. சி.ஏ.எல். எனப்படும் இவ்வுரிமத்தை ஆளுக்கு ஒன்றாகவோ கருவிக்கு ஒன்றாகவோ பெறலாம். நமது நிறுவனத்தின் கிடங்கில் 15 பேர் இரண்டு ஷிப்டுகளில் 8 கணினிகளைப் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள் எனில், அங்கே கருவிக்கு ஒன்றாக 8 போதும். அலுவலகத்தில் உள்ள 10 பேரும் மடிக்கணினி, கைப்பேசி இரண்டையும் பயன்படுத்துவதால், அவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாக 10 பெறுவதே சிக்கனம். 25 வாங்க வேண்டிய இடத்தில் 18 போதுமானதாகிறது.

பலர் மறந்துவிடும் செலவு ஒன்றுண்டு. கிளை அலுவலகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து கணக்கு எழுதுவோருக்கு, மேற்கண்டதோடு ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். என்னும் தனி உரிமமும் வேண்டும். நிர்வாகப் பணிக்கென அனுமதிக்கப்படும் இரண்டு இணைப்புகளை அன்றாடக் கணக்கு வேலைக்குப் பயன்படுத்தலாகாது. கணக்கு மென்பொருளுக்கும் தனி விலையுண்டு; டேலி பிரைமில் ஒருவர் மட்டும் பயன்படுத்துவது சில்வர், பலர் பயன்படுத்துவது கோல்ட்.

தரவுத்தளம்

எஸ்.க்யூ.எல். சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பை கோர் கணக்கிலோ, சர்வருக்கு ஓர் உரிமமும் அணுகுவோருக்கு சி.ஏ.எல்.களும் என்ற முறையிலோ வாங்கலாம். பயன்படுத்துவோர் சிலரே எனில் இரண்டாவது முறை பொதுவாக மலிவு. எக்ஸ்பிரஸ் பதிப்புக்குக் கட்டணமில்லை. ஆயினும் அதன் 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜி.பி. வரைதான் வளரலாம். டெபியன் லினக்ஸ், போஸ்ட்கிரெஸ்க்யூ.எல். ஆகியவற்றுக்கு உரிமக் கட்டணமே இல்லை. ஆனால் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கான ஊதியத்தையும், நம் கணக்கு மென்பொருள் அவற்றில் இயங்குமா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாண்டுக் கணக்கு

இயந்திரத்தோடு சேர்த்து விற்கப்படும் ஓ.இ.எம். உரிமம் விலை குறைந்தது. ஆனால் அந்த இயந்திரத்தோடு அதுவும் முடிந்துவிடும். 2022 பதிப்புக்கு வாங்கிய சி.ஏ.எல். 2025 பதிப்புக்குச் செல்லாது. விண்டோஸ் சர்வர் 2012-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிவுற்றது; எந்தப் பதிப்புக்கும் அப்படியொரு நாள் உண்டு. எனவே முதலாண்டுச் செலவை மட்டும் பாராமல், ஐந்தாண்டுகளின் மொத்தச் செலவை ஒப்பிட வேண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்க்க வேண்டும். உள்ளீட்டு வரி வரவாகப் பின்னர் அது திரும்பினாலும், முதலில் கையிலிருந்துதானே செல்கிறது?

செலவுக்கு அஞ்சி, உரிமமற்ற பிரதியைப் பொருத்திக்கொள்வது பெருந்தவறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, அறிந்தே அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வகை செய்கிறது.

எத்தனை கோர்கள், எத்தனை மெய்நிகர் கணினிகள், எத்தனை பேர், எத்தனை கருவிகள், வெளியிலிருந்து நுழைவோர் எத்தனை பேர் ஆகிய ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி விற்பனையாளரிடம் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை குறித்த விலைப்புள்ளியை எழுத்தில் பெறுங்கள். அதனைக் கையில் வைத்துக்கொண்டு கடன் தொகையைத் தீர்மானித்தால், சர்வர் வந்து இறங்கும் நாளில் நடைமுறை மூலதனத்தில் கைவைக்க நேராது.