சத்தமும் சத்தமில்லாத ஆபத்தும்

பேராதனையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் எம்மில் பெரும்பாலோர் கடுகண்ணாவையைத் தாண்டித்தான் செல்கிறோம். பாதை அமைத்த கெப்டன் டோசனின் ஞாபகார்த்தமாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரத்தைக் கடந்ததும் இறக்கம் தொடங்குகிறது. முன்னே பஸ், பின்னே லொறி, ஒரு புறம் மலை, மறுபுறம் பள்ளம். பின் ஆசனத்தில் மனைவி மக்கள். அந்த வேளையில் முன் டயரைப் பிடித்து வைத்திருப்பது கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய ஓர் இரும்பு உருண்டை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 'போல் ஜொயின்ட்' என்று கராஜ்காரர்கள் சொல்வது அதைத்தான்.

நான் கிதாபு ஓதிக் கொடுக்கும் மனிதன், மெக்கானிக் அல்லன். ஆனால் இருபத்தைந்து வருடங்களைத் தாண்டிய ஒரு ஜப்பான் காரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடையில் 2022இல் ரூபாயும் சரிந்தது. இன்றைய வரியோடு புதிய கார் வாங்குவது எம்மைப் போன்றோருக்குக் கனவு. ஆகவே பழைய வாகனத்தைப் பேணிக்கொள்வது கஞ்சத்தனமல்ல, குடும்பத்தின் தேவை.

கடந்த வருடங்களில் என் காரின் இடது முன்பக்கத்தில் 'டக், டக்' என்றொரு சத்தம் வரத் தொடங்கியது. பிரதான வீதியில் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஏறும் கொங்கிரீட் ஒழுங்கையில், மெதுவாகப் போகும்போது மாத்திரம். ஒரு கராஜில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலே, "ஷொக் அப்சோபர் முடிஞ்சிருக்கு" என்றார்கள். இரண்டையும் மாற்றினோம். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போயிற்று. திரும்பி வரும்போது அதே ஒழுங்கையில் அதே 'டக், டக்'!

பின்னர் ஒரு நண்பரின் சொற்படி கெலிஓயா பக்கத்திலுள்ள ஒரு வயதான பாஸ் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பெனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"ஹஸரத், சத்தம் வார ஸ்பீட்லயா, மெதுவாப் போகக்கொள்ளயா? ப்ரேக் அடிச்சாலா, திருப்பினாலா? குழியில விழுந்தா மட்டுமா?"

பதிலைக் கேட்டதும் காரைக் குழிக்கு மேலே நிறுத்தச் சொன்னார். நான்கு டயர்களிலும் பாரம் இருந்தபடியே, பையன் ஒருவன் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி ஆட்ட, பாஸ் நானா கீழே இறங்கி ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்தார். காதால் அல்ல, விரலால் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்தே நிமிடம். ஸ்டெபிலைசர் பாரையும் சில்லுப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு சிறிய லிங்க் கம்பியின் மூட்டு தேய்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். சத்தம் மறைந்துவிட்டது. ஷொக்குக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட அந்த லிங்குக்குச் செலவாகவில்லை.

சத்தத்தின் பேச்சு

அன்று அவரிடம் கேட்டவற்றையும் பின்னர் நானே அனுபவத்தில் கண்டவற்றையும் வாசக நேயர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

மணித்தியாலத்துக்கு 70, 80 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் மாறினால் குறைகிறதா? முதலில் வீல் பெலன்சிங் பாருங்கள். மழை நாளில் சேற்றுப் பாதையில் போய் வந்த பின் இந்த நடுக்கம் திடீரென வந்தால், ரிம்மின் உட்புறத்தில் மண் காய்ந்து ஒட்டியிருக்கக்கூடும். தண்ணீர் அடித்துக் கழுவினாலே போய்விடும். ஆசனம் நடுங்கினால் பின் டயரைச் சந்தேகியுங்கள். டயரின் பக்கத்தில் வீக்கம் தெரிந்தால் அந்த டயரில் ஒரு நாளும் ஓடாதீர்கள்.

ப்ரேக் மிதிக்கும்போது மாத்திரம் நடுங்கினால் பிழை டயரில் இல்லை, ப்ரேக் டிஸ்க்கில். எமது மலைப் பாதைகளில் இது சாதாரணம். இறக்கம் முழுவதும் ப்ரேக்கிலேயே காலை வைத்து இறங்குவோர் டிஸ்க்கைச் சுட்டெடுக்கிறார்கள். மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் இறங்குபவர் சிறிய கியரில் இறங்கட்டும்.

வேகத்தோடு சேர்ந்து உயரும் ஒரு 'ஊ...' சத்தம் வீல் பெயாரிங்குடையது. நீண்ட வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது அது கூடினால் வலது பெயாரிங்கைப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கத்தில்தானே விழுகிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு போகும்போது 'டிக் டிக் டிக்' என்றால் சீ.வீ. ஜொயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்திருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொங்' என்று துள்ளினால் ஷொக்கின் மேல் மவுன்ட். குளிர்ந்த காலையில் கீச்சிடுவது பெரும்பாலும் பெல்ட். முழுதாக ஒடிக்கும்போது முனகினால் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்து எமது மாவட்டத்தை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சிதைத்துச் சென்றது. அப்படி உடைந்த பாதைகளில் ஓடிய வாகனங்களுக்கு இந்தப் பரிசோதனைகள் மிக அவசியம்.

பேசாத மூட்டு

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம். லிங்க்கைக் கண்டுபிடித்ததும் நான் பணத்தை எடுத்தேன். பாஸ் நானா, "கொஞ்சம் பொறுங்கோ" என்று வலப்பக்கத்தை ஜக்கில் தூக்கினார். அந்தப் பக்கத்தில் எந்தச் சத்தமும் இருந்ததில்லை. டயரின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார்; லேசான அசைவு. பையனை ப்ரேக் மிதிக்கச் சொன்னார். அப்போது அசைவு நின்றிருந்தால் பெயாரிங் என்று கொள்ளலாமாம். நிற்கவில்லை. கீழ்க் கையில் அலவாங்கை வைத்து நெம்பியதும், உருண்டை தன் கிண்ணத்துக்குள்ளே எழும்பி இறங்குவதை என் கண்ணாலேயே கண்டேன். ரப்பர் உறை எப்போதோ கிழிந்து, கிரீஸுக்குப் பதிலாக உள்ளே செம்மண்.

அந்த உருண்டை கழன்றால் டயர் மடிந்து விழும், கார் நினைத்த திசைக்குத் திரும்பாது. மறுநாள் நாங்கள் குடும்பத்தோடு கொழும்புக்குப் போக இருந்தோம்.

மாதக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்த மூட்டினால் உயிருக்கு ஆபத்தில்லை. உயிரை எடுக்கக்கூடிய மூட்டு வாய் திறக்கவே இல்லை. பெரிய சத்தம்தான் பெரிய ஆபத்து என்று எண்ணியிருந்த எனக்கு அது பெரும் பாடம். மொறிஸ் மைனர் வைத்திருந்த முதியோர் இதை அறிவர். 1948இல் அறிமுகமான அந்தக் கார் இன்றும் எமது வீதிகளில் ஓடுகிறது. அதன் முன்பக்கத்தில் 'ட்ரனியன்' எனும் மரையுள்ள மூட்டொன்று உண்டு. கிரீஸ் அடிக்க மறந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் டயர் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ரொட் எண்ட் அல்லது ரெக் எண்ட். அதையும் தள்ளிப்போடக் கூடாது. இந்த ஆட்டிப் பார்க்கும் வேலையை வீட்டிலும் செய்யலாம். ஆனால் சமதரை வேண்டும். கண்டியில் அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை! மற்ற டயர்களுக்குக் கல் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே தலையை நீட்டாதீர்கள். வருடந்தோறும் வரிப் பத்திரம் எடுக்கும்போது காருக்குக் கேட்பது புகைச் சான்றிதழும் காப்புறுதியும்தான். அந்தப் புகைப் பரிசோதனையில் யாரும் ஸ்டீயரிங் மூட்டைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் உரிமையாளரே.

விற்கும்போதும் அப்படித்தான். சத்தத்தை மறைக்க ரேடியோவைக் கூட்டி வைத்து ஓட்டிக் காட்டுவோர் உண்டு. பிக்ஹ் பாடத்தில் குறை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பற்றி ஓதும்போது, மாணவர்களுக்கு நான் ஒட்டகத்தை உதாரணம் காட்டுவதில்லை. வீல் பெயாரிங்கைத்தான் காட்டுகிறேன்.

அன்று பயணத்தை ஒத்திப்போட்டோம். பாகம் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. போல் ஜொயின்டோடு கீழ்க் கையின் ரப்பர் புஷ்களையும் பாஸ் நானா மாற்றினார். ஆனால் புஷ்களின் ஆணிகளைக் கடைசி வரை முறுக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, பாரம் முழுவதும் டயரில் விழுந்த பின்பே குழிக்குள் இறங்கி முறுக்கினார். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம். மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டையில் வீல் எலைன்மென்ட் பார்த்துவிட்டு, பகலுணவுக்குப் பின் கடுகண்ணாவை வழியே இறங்கினோம்.