பூனை ஒரு கண்ணைத் திறக்க மறுக்கிறதா? வீட்டிலிருக்கும் சொட்டு மருந்தை எடுக்கும் முன் இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை, குறிஞ்சிப்பாடியிலிருந்து அம்மாவின் வீடியோ கால். "பாப்பா, கருப்பி மூணு நாளா வலது கண்ணைத் தொறக்கவே மாட்டேங்குது. தூசு விழுந்திருக்கும்னு அப்பாவோட சொட்டு மருந்தை விட்டேன். இப்போ கண்ணு வெள்ளையாத் தெரியுதும்மா" என்றார்.

அப்பாவுக்குச் சில மாதங்களுக்கு முன் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. அப்போது கொடுத்த மருந்தின் மிச்சம் ஃப்ரிட்ஜ் கதவிலேயே இருந்திருக்கிறது. பாட்டிலை கேமரா முன்னால் காட்டச் சொன்னேன். லேபிளில் 'பிரெட்னிசோலோன்' என்று இருந்தது. அது ஸ்டீராய்டு.

கருப்பியின் அந்தக் கண்ணைக் கடைசியில் காப்பாற்ற முடியவில்லை. அம்மா அக்கறையோடுதான் மருந்து விட்டார். பல வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் என்ன ஆபத்து?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலம்தான் கார்னியா. பூனைக்கு அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சண்டையில் நகம் கீறினாலோ, வைரஸ் தொற்று வந்தாலோ அதில் புண் உண்டாகும். இதைத்தான் டாக்டர்கள் 'கார்னியல் அல்சர்' என்கிறார்கள்.

சின்னப் புண் என்றால், சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆனால், ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தடுக்கும். கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும். கண்சிவப்பு குறைவதால் 'பரவாயில்லையே' என்று தோன்றும். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். கடைசியில் படலம் ஓட்டையாகிவிடலாம்.

அதே மருந்து கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட மனிதருக்கு அவசியமானது. மருந்து கெட்டதல்ல, இடம்தான் தப்பு. திறந்து ஒரு மாதம் தாண்டிய பாட்டிலை யாருக்குமே பயன்படுத்தக் கூடாது என்பது தனி விஷயம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று பக்கத்து வீட்டில் சொல்லும் எதையும் விட வேண்டாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடவே கூடாது. பூனையின் உடலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம்.

எப்போது அவசரம்?

பூனை வலியை மறைக்கும். கத்தாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் இந்த அறிகுறிகளைக் கவனிங்க:

- ஒரு கண்ணை மட்டும் சுருக்குவது, முன்னங்காலால் தேய்ப்பது
- கண் மங்கலாக, நீலம் கலந்த வெள்ளையாக மாறுவது
- மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் பீளை
- இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் இருப்பது
- வெளிச்சத்திலும் கண்மணி பெரிதாக விரிந்தே இருப்பது
- திடீரென்று சுவரில், நாற்காலியில் முட்டுவது

இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போகணும். நெய்வேலி பக்கம் எது வந்தாலும் 'நிலக்கரித் தூசு' என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். தூசு விழுந்தால் கொஞ்ச நேரம் நீர் வடியும், அவ்வளவுதான். கண்ணைத் திறக்கவே முடியவில்லை என்றால், அதைத் தூசு என்று விட்டுவிடாதீங்க.

என்ன நோயாக இருக்கலாம்?

குட்டிகளுக்கும் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பூனைகளுக்கும் அதிகம் வருவது ஹெர்பிஸ் வைரஸ். தும்மல், மூக்கொழுகல், கண்ணில் பீளை என்று தொடங்கும். ஒருமுறை வந்தால், பெரும்பாலான பூனைகளின் நரம்புக்குள் வைரஸ் ஒளிந்துகொள்ளும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது போன்ற மன அழுத்தம் வந்தால் மறுபடி தலைதூக்கும். இது மனிதர்களுக்குத் தொற்றாது. தடுப்பூசி நோயின் தீவிரத்தைக் குறைக்கும்.

பெர்ஷியன் பூனைகளுக்குக் கார்னியாவில் பழுப்பு அல்லது கறுப்பாக ஒரு திட்டு உருவாகலாம். அது செத்துப்போன திசு. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போகாதீங்க.

வயதான பூனைக்குத் திடீரென்று பார்வை போனால் ரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாம். சிறுநீரக நோய் உள்ள பூனைகளுக்கு அழுத்தம் ஏறி, விழித்திரை கழன்றுவிடும். உடனே சிகிச்சை கிடைத்தால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பும்.

உணவும் ஒரு காரணம். வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கிய வடலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். சுற்றுவட்டாரத்தில் சைவ வீடுகள் நிறைய. பூனைக்கும் தயிர்சாதம்தான். ஆனால், டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதுமான அளவு தயாரிக்காது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்கணும். அது குறைந்தால் விழித்திரை சிதையும் என்று 1975-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வீட்டில் அசைவம் சமைக்க முடியாதவர்கள் கடையில் விற்கும் பூனை உணவைக் கொடுக்கலாம். நாய் உணவு இதற்கு மாற்று கிடையாது. மீன் வேகவைத்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்க. டாரின் தண்ணீரில் கரைந்துவிடும்.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் கண்ணில் ஒரு ஆரஞ்சு நிறச் சாயத்தை விடுவார். நீல வெளிச்சத்தில் பார்த்தால், புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலைதான். இந்தப் பரிசோதனை செய்யாமல் ஸ்டீராய்டு எழுதினால், 'புண் இல்லைன்னு பார்த்துட்டீங்களா டாக்டர்?' என்று கேளுங்க, தப்பே இல்லை. தேவைப்பட்டால் கண் அழுத்தத்தையும் அளப்பார்.

எங்கள் பகுதியில் முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். அடுத்தகட்டம் தேவைப்பட்டால், கடலூரைத் தாண்டி புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கிளம்பும் முன் போன் செய்து நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. காற்றோட்டமான மூடிய கூடையில் பழைய துணி விரித்துப் பூனையைக் கொண்டுபோங்க. ஏற்கெனவே விட்ட மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்க. திட்டுவார்களோ என்று மறைத்தால் சிகிச்சை தப்பாகிவிடும்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

புண்ணுக்கான மருந்தை ஒரு நாளைக்குப் பலமுறை விட வேண்டியிருக்கும். உண்மையில் கஷ்டமான கட்டம் இதுதான்.

பூனையை ஒரு துண்டில் சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்க. பின்பக்கத்திலிருந்து கையைக் கொண்டுவந்து சொட்டு விட்டால் மிரளாது. பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்துகள் என்றால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி, களிம்பு கடைசியில். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைக்கலாம். கழுத்தில் மாட்டிய கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீங்க. ஒரு பிறாண்டலில் ஒரு வார மருந்தும் வீணாகும்.

கண்ணை எடுக்கச் சொன்னால்?

கருப்பிக்கு அதைத்தான் சொன்னார்கள். படலம் ஓட்டையாகி, உள்ளே சீழ் பிடித்திருந்தது. "வாயில்லா ஜீவன் கண்ணைத் தோண்டறது பாவம் இல்லையா?" என்று அம்மா அழுதார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அந்தக் கண்ணால அது இனி பார்க்கப் போறதில்லைம்மா. இப்போ அதுல இருக்கறது வலி மட்டும்தான்."

மயக்க மருந்து கொடுத்துக் கண்ணை எடுத்து, இமைகளைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து நாட்களில் தையல் பிரிக்கலாம். பூனைக்கு ஒரு கண் தாராளமாகப் போதும். இரண்டும் போனாலும் மீசையாலும் காதாலும் வீட்டைக் கற்றுக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டு, மணல் தட்டு, நாற்காலி எதையும் இடம் மாற்றாமல் இருந்தால் போதும். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்க. வெளியே மட்டும் தனியாக விட வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது நாள் அம்மா மறுபடி வீடியோ கால் செய்தார். கூம்பு மாட்டிய தலையைத் தட்டுக்குள் விட்டு கருப்பி மீன் தின்றுகொண்டிருந்தாள். பல நாள் கழித்து, அன்றைக்குத்தான் அவள் முழுத் தட்டையும் காலி செய்தாளாம். வலி போய்விட்டது என்று அம்மாவுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

"ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த பாட்டிலெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜையும் ஒருமுறை திறந்து பாருங்க.